திரைஞானியின் கறுப்புத் துணி

அந்தக் கம்ப்யூட்டர் கடையில், கேம் விளையாட மானிட்டர் வாங்க வந்த கூட்டத்தைவிட, வாங்கிய மானிட்டருக்குத் தோஷம் கழிக்க வந்த கூட்டம்தான் அதிகம். எல்லாம் திரைஞானியின் மகிமை! படம் திக்கித் திக்கி ஓடுகிறதா? மானிட்டர்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, தானும் தலையை உள்ளே நுழைத்து முணுமுணுப்பார். வெளியே வந்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களெல்லாம் வரிசையில் நின்றார்கள். துணிக்குள் எட்டிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பேருந்து ஓட்டும் அக்கா, விடுமுறையிலும் வேலை பார்த்துத் தம்பிக்கு வாங்கித் தந்தது புத்தம் புது மானிட்டர். போன வாரம் இங்கே வழுக்கிய படம், வீட்டுக்குப் போனதும் பழையபடி திக்கியது. நாளை அவனுக்குப் போட்டி. இன்று அதை ஞானியிடமே ஒப்படைத்துவிட்டு, அவர் 'தீட்சை' கொடுத்த ஓட்டை மானிட்டரை வாங்கிப்போக வந்திருக்கிறான் அந்த அறிவுக்கொழுந்து.

"இங்க நான் இருந்தேன், தோஷம் அடங்குச்சு. வீட்டுல நான் இல்லையேம்மா!" என்றார் ஞானி, கூடவே வந்திருந்த அக்காவிடம்.

"கடைசியா ஒரு தடவை எனக்கும் அடக்கிக் காட்டுங்க. துணி உங்களுக்கு. மவுஸும் கீபோர்டும் எனக்கு."

சொன்னவள் இரண்டையும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, மானத்தை வாங்காத!"

"நீ சும்மா இருடா."

ஞானி துணிக்குள் போனார். முணுமுணுத்தார். கத்தினார். வியர்த்து வெளியே வந்தார். படம் திக்கியது.

"அம்மாவுக்கு நம்பிக்கை இல்ல. அதான் பலிக்கல."

கூட்டம் 'உச்' கொட்டியது. அக்கா மவுஸைத் திருப்பிக் கொடுத்தாள். "இப்ப நம்பிட்டேன். ஆரம்பிங்க."

மந்திரம் மறுபடி கிளம்பியது. பாதியில் துணியை உருவினாள்.

ஞானியின் கை மவுஸில். திரையில் செட்டிங்ஸ். அதில் அறுபதை நூற்று நாற்பத்து நான்காக மாற்றிக்கொண்டிருந்தார். நொடிக்கு அத்தனை தடவை படம் மாற்றக்கூடிய திரையை அறுபதிலேயே விட்டுவைத்தால் திக்காமல் என்ன செய்யும்? போன வாரம் மாற்றியதும் கடைக் கம்ப்யூட்டரில்தான்; வீட்டுக் கம்ப்யூட்டரில் அது அறுபதாகவே இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றான் தம்பி.

"இவ்வளவுதான். தூக்குடா மானிட்டரை."

வரிசையில் நின்ற கண்ணாடிக்காரர் மெல்லக் கேட்டார்: "அந்தத் துணி மட்டும் விலைக்குக் கிடைக்குமா?"

அக்கா துணியை அவர் தலையிலேயே போர்த்தினாள். "சும்மாவே வச்சுக்கோங்க. யோசிக்கணும்னு தோணுற அன்னைக்குக் கழட்டுங்க."