போத்தல் மிஸ்ஸியின் லீற்றர்

"…பெஞ்சிட்டாகா, புள்ள மூத்திரம் பெஞ்சிட்டா! ஆராவது ஓடிப் போய்க் கோயில் மணிய அடிங்க!"

மடி முழுக்க ஈரத்தோடு எங்கள் வீட்டு நடு அறையில் இருந்துகொண்டு இப்படிக் கத்தியவர் போத்தல் மிஸ்ஸி. வெற்றுப் போத்தலை அவரைப்போல நேசித்த ஒருவரை இந்த உலகத்தில் நான் கண்டதில்லை. குடிகாரர்கள்கூட நிறைந்த போத்தலைத்தானே நேசிக்கிறார்கள்!

பெரியகல்லாற்றில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவமாது அவர். ஸ்கூட்டியின் பின்னால் ஒரு சாக்கு, சாக்கு நிறையப் பிளாஸ்டிக் போத்தல். அது கடகடத்து வரும் சத்தம் மூன்று ஒழுங்கைக்கு அப்பாலே கேட்கும். ஊசிக்குப் பயந்த பிள்ளைகள் கட்டிலுக்கடியில் போய்ச் சேர அந்த நேரம் தாராளம்.

பாசிக்குடா விடுதிகளில் வெள்ளைக்காரர் குடித்தெறிந்த போத்தல்கள் அவருக்கு மூட்டையாக வரும். கல்யாண வீட்டுக்குப் போனால் மணவறைப் பக்கம் போகமாட்டார், சோடா ஊற்றுகிற மூலையில் நிற்பார். "மிஸ்ஸி, பொண்ணு மாப்பிள்ளையப் பாக்கல்லையா?" என்று கேட்டால், "அவங்க எங்க போறாங்க? பத்து மாசத்தில என்னட்டத்தானே வரணும்" என்பார்.

போத்தல்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, சரியாக ஒரு லீற்றர் அளந்து ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போடுவார். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தூளை அந்தக் கோடுவரை நிறைந்த தண்ணீரில் கரைக்க வேண்டும். பிள்ளை பிறந்த வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு போத்தல். கூடவே ஒரு சரித்திரப் பிரசங்கம்.

"முந்திப் பெரியாக்கள்ற மருந்தக் கால்வாசியாக்கிப் புள்ளைக்குக் குடுத்தாங்களாம். புள்ள எண்டா கால்வாசி மனிசனா? அது முழு மனிசன்கா, உருவந்தான் சின்னன்!"

அம்மை ஊசியின் கதையைச் சொன்னால், மாட்டம்மை வந்த பால்காரியின் கையைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்த வெள்ளைக்கார வைத்தியருக்குப் புத்தி வந்தது என்பார். அவர் சொன்ன உரிமையில், அந்தப் பால்காரி தன்னாமுனைப் பக்கத்து ஆள் என்றே நான் கனகாலம் நினைத்திருந்தேன். எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது, வேறொரு நாட்டில் வாந்திபேதி பரவிய அகதி முகாமின் கதை. "சேலைன் முடிஞ்சு போச்சு. சனம் செத்துக்கொண்டு கிடக்கு. மறுகா என்ன செய்த? உப்பையும் சீனியையும் தண்ணியில கரைச்சுப் பெத்தவங்கட கையில குடுத்தாங்க. உலகத்தில எத்தின புள்ள அதால பிழைச்சிது தெரியுமா? கறிச்சட்டிக்குப் பக்கத்தில கிடந்த மருந்துகா அது!"

நான் தலையாட்டுவேன். எங்கள் வீட்டுப் போத்தலோ என் கடையில் மண்ணெண்ணெய் சுமந்துகொண்டிருந்தது.

அந்த மாரியில் வாவி பெருகி வீதி மூடிய நேரம், எங்கள் இரண்டு வயதுச் சின்னவளுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. தூள் வீட்டில் இருந்தது. "எவ்வளவு தண்ணி?" என்றாள் மனைவி. நாளெல்லாம் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் அளக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? பைக்கற்றைப் புரட்டியும் பாராமல், "ஒரு போத்தல்" என்றேன். எங்கள் ஊரில் போத்தல் என்றால் ஒரு அளவு. சாராயப் போத்தலின் அளவு. லீற்றருக்குக் கால்வாசி குறைவு.

பிள்ளை குடித்தாள், குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். தாகம் தாகம் என்று அழுதாள். நாங்கள் அதையே திரும்பவும் கொடுத்தோம். விடியும்போது அழவும் பலமில்லை. கண் உள்ளே போயிருந்தது. முதல்நாள் பின்னேரத்திலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை.

யார் சொல்லி அறிந்தாரோ, மிஸ்ஸி இடுப்பளவு வெள்ளத்தில் நடந்து வந்தார். கயிற்றில் கட்டிய போத்தல் சாக்கு ஆட்டுக்குட்டிபோலப் பின்னால் மிதந்து வந்தது. பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். அங்கே நின்ற என் மச்சானைப் பார்த்து, "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகத் தோணி ஒண்டு கூட்டி வா. ஓடு!" என்றார்.

பிறகு நான் கரைத்ததை நாக்கில் வைத்தார். அழுதுகொண்டு நின்ற என் மனைவியின் கன்னத்தை விரலால் துடைத்து அதையும் நாக்கில் வைத்தார்.

"இந்தத் தண்ணியில கண்ணீரவிட உப்பு கூடக் கூடாதுகா. உன்ட தண்ணிக்குப் பக்கத்தில பொஞ்சாதிர கண்ணீர் இனிக்குது! எந்தப் போத்தலில கரைச்ச?"

காட்டினேன்.

"நான் தந்தது எங்க?"

"கடையில… மண்ணெண்ணெய்…"

"லாம்புக்குக் கோடு போட்டுத் தந்தனா நான்?" என்று என் கரைசலை முற்றத்து வெள்ளத்தில் ஊற்றினார். சாக்கிலிருந்து புதுப் போத்தல் எடுத்து, கொதித்தாறிய தண்ணீரைச் சிவப்புக் கோடுவரை விட்டுத் தூளைக் கரைத்தார். பிள்ளையை மடியில் போட்டு ஒரு கரண்டி. பொறுத்து இன்னொரு கரண்டி. சத்தி எடுத்தாள். "எடுக்கட்டும். கொஞ்சம் பொறுத்துக் குடுப்பம். குடி என்ட கிளி, உன்ட அப்பன்ட கணக்கு முடிஞ்சுது, இனி என்ட கணக்கு."

எத்தனை கரண்டி என்று தெரியாது. இடையில் அவர் அந்தப் பால்காரியின் கதையைச் சின்னவளின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். தோணி வந்து வாசலில் முட்டியது. நான் பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். அப்போதுதான் அவர் மடி நனைந்தது. அப்போதுதான் கோயில் மணியை அடிக்கச் சொன்னார்.

தோணிக்காரர் என்னவோ ஏதோ என்று சவள் துடுப்போடு உள்ளே பாய்ந்து வந்துவிட்டார். "இருங்க தம்பி, இன்னம் நாலு கரண்டி கிடக்கு. மறுகா டாக்டருக்கும் ஒருக்காக் காட்டுவம்" என்றுவிட்டு மிஸ்ஸி சுவர்ப் பக்கம் திரும்பினார். தன் கடைக்கண்ணை விரலால் துடைத்து, அந்த விரலை நாக்கில் வைத்தார். போத்தலிலிருந்தும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு, சரி என்பதுபோலத் தலையாட்டி, அடுத்த கரண்டியை நிரப்பினார்.