இருநூற்றுப் பதினான்கு பொருள்களின் சொந்தக்காரன்

பெங்களூரில் கையகல நிலம்கூட இல்லாத நான், எட்டு மாதங்கள் இருநூற்றுப் பதினான்கு பொருள்களுக்குச் சொந்தக்காரனாக இருந்தேன். லேப்டாப், மானிட்டர், புரொஜெக்டர், வரவேற்பறையின் பெரிய டிவி எல்லாம் அதில் அடக்கம். ஒன்றைக்கூட நான் வாங்கவில்லை, திருடவுமில்லை. என் பெயரை நானே போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்போது ஓசூர் ரோட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அங்குள்ள கம்ப்யூட்டர் சாமான்கள் ஒவ்வொன்றும் யார் வசம், எந்த நிலையில் இருக்கிறது என்று பட்டியல் வைத்திருப்பது என் பொறுப்பு. புதிதா, பயன்பாட்டில் உள்ளதா, ரிப்பேரா, கழித்துக் கட்டியாயிற்றா என்று ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் உண்டு. சொந்தக்காரர் இல்லாத சாமானை சிஸ்டம் சிவப்பில் காட்டும். வேலையை விட்டுப் போனவர்கள், கலைந்துபோன டீம்கள் என்று அப்படிச் சேர்ந்தவைதான் அந்த இருநூற்றுப் பதினான்கும்.

இது என் கண்ணில் பட்டபோது மறுநாள் ஆடிட். ஒழுங்கான ஆளாக இருந்தால் மாடி மாடியாகப் போய்த் தேடியிருப்பான். நான் புத்திசாலி (அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்). மொத்தத்தையும் ஒரே அழுத்தில் தேர்ந்தெடுத்து, சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயரையும், நிலை என்ற இடத்தில் 'பயன்பாட்டில்' என்றும் போட்டேன். திரை முழுக்கப் பச்சை. மேனேஜர் எல்லோருக்கும் போகும் மெயிலில் என்னைப் பாராட்டினார். அதை என் மனைவி கீதாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

எட்டு மாதம் கழித்து வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் கைக்கு வராவிட்டால் அந்த வேலை இல்லை. செவ்வாயன்று எச்.ஆரில் ஸ்வேதாவைப் பார்க்கப் போனேன். மைசூர்க்காரப் பெண், தமிழும் பேசுவாள்.

"உங்க பேர்ல இருக்கிறத ரிட்டர்ன் பண்ணிட்டா லெட்டர் ரெடி சார்."

லேப்டாப்பையும் சார்ஜரையும் மேசையில் வைத்தேன்.

"இது சரி. இன்னும் இருநூத்திப் பதினாலு இருக்கே."

"அது சும்மா என் பேர்ல போட்டதும்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் எல்லாம் இதுல ஆகாது சார். ரூல் நீங்க எழுதினதுதானே?"

எழுதியவன் நான்தான். கடைசி வரியில் 'விதிவிலக்கு கிடையாது' என்று தடித்த எழுத்தில் போட்டவனும் நானே.

புதன்கிழமை மதியம் வரை நான்கு மாடிகளையும் சல்லடை போட்டுச் சலித்ததில் பத்தொன்பது சாமான்கள் அகப்பட்டன. இருபதாவதற்காக ஒரு மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது வளர்மதி வந்தார். காண்ட்ராக்டில் வரும் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நீலசந்திராவிலிருந்து வருகிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயன்றதில்லை.

"என்ன சார் தேடுறீங்க?"

பட்டியலைக் காட்டினேன். "இதெல்லாம் எங்க இருக்குன்னே தெரியலைங்க."

"இந்த நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது சார். என்ன சாமான், எந்த டீம்னு சொல்லுங்க."

"புரொஜெக்டர். பேங்க் பிராஜெக்ட் டீம்."

"அவங்க ரூம காலி பண்ணப்ப மூணாவது மாடிக்குப் போச்சு. வெளிச்சம் மங்கிடுச்சுன்னு அங்க சும்னே கெடந்துது. இப்ப பேன்ட்ரி பக்கத்து ரூம்ல, அலமாரி மேல்தட்டுல, மஞ்சத் துணி சுத்தி வெச்சிருக்கேன்."

போய்ப் பார்த்தேன். மேல்தட்டு, மஞ்சள் துணி. ஒட்டியிருந்த எண்ணும் பட்டியலில் இருந்த எண்ணும் ஒன்றே.

அடுத்த இரண்டு நாள் நான் அவர் பின்னாலேயே வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். தெருவில் யார் எந்த வீட்டுக்குக் குடிபோனார்கள் என்று சொல்வதுபோல ஒவ்வொரு மானிட்டருக்கும் கதை சொன்னார். ஒன்றைக் காட்டி, "இது செத்துப்போச்சு சார். காபிய கொட்டிட்டு, சொல்லாம அலமாரி பின்னால தள்ளிட்டாங்க" என்றார். என் பதிவேட்டில் அது பயன்பாட்டில் இருந்தது. தினமும் துடைக்கிற கைக்குத் தெரிந்தது, லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய மென்பொருளுக்கும் அதைக் கட்டி மேய்த்த எனக்கும் தெரியவில்லை. எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

வெள்ளி காலை இருநூற்றுப் பதின்மூன்று கிடைத்துவிட்டன. ஒரு கலர் பிரிண்டர் மட்டும் பாக்கி. வளர்மதி தயங்கினார்.

"இத நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்தேன் சார். அது உங்க வீட்டுல இருக்கு."

"என் வீட்டுலயா?"

"பாப்பா ஸ்கூல் பிராஜெக்ட்டுக்குன்னு ஒரு வாரத்துக்கு எடுத்துட்டுப் போனீங்க. ஆட்டோல ஏத்தறப்ப ஒரு பக்கம் நான்தான் புடிச்சேன்."

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. கீதாவுக்கு போன் போட்டேன்.

"பால்கனில துளசித் தொட்டிக்கு அடியில ஒண்ணு இருக்கே, அதுவா?" என்றாள். சந்தாபுராவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து அவளே கொண்டுவந்தாள். பேப்பர் வைக்கும் தட்டில் செம்மண் இருந்தது.

எல்லாவற்றையும் என் பெயரிலிருந்து கம்பெனிக் கணக்குக்குத் திருப்பி, சரியான நிலைக்கு மாற்றினேன். கடைசியாக 'நேரில் சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம். வளர்மதி என்று தட்டினேன். அப்படி ஓர் ஊழியர் இல்லை என்றது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஊழியர் எண் கிடையாது. மணி நாலரை, ஸ்வேதா கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பதினான்கு வரியிலும் அந்தக் கட்டத்தில் மறுபடி என் பெயரையே போட்டேன். திரை பச்சையானது. இந்தத் தடவை எனக்கு வெட்கமாக இருந்தது.

லெட்டரை வாங்கிக்கொண்டு வளர்மதியிடம் போய்ச் சொன்னேன். "உங்க பேர போட முடியலைங்க. என் பேரத்தான் போட்டேன்."

"விடுங்க சார். பேரு போட்டுக்கிட்டு நீங்க பட்டது போதாதா?" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

பிரிண்டரோடு வந்த கீதா இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அன்றிலிருந்து எனக்கு விமோசனம் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எதற்காவது என்னைப் பாராட்டிவிட்டால் போதும், அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்.

"பேரு இவரோடதுதான். வேல செஞ்சது யாருன்னு கேளுங்க."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வாள்.

"வளர்மதி ஆன்ட்டி."