கூட வந்தவர்

"கூட யாரும் வரலையா?" என்று டாக்டர் வரலட்சுமி கேட்டார்.

ஜெபகுமார் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் தலை நரைத்த ஒரு மனிதர், மனநலப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு ஆளில்லை என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டார்.

"மச்சான் வந்திருக்காரு டாக்டர். வெளிய வண்டிய நிறுத்தினு இருக்காரு."

"நல்லதாப் போச்சு. கூட்டிட்டு வாங்க. அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்."

ஜெபகுமாருக்கு ஜோயல் என்று ஒரு மச்சான் உண்டு. ஆனால் அவர் மஸ்கட்டில் இருந்தார். தங்கை பிரிசில்லாவும் அங்கேதான். செங்கல்பட்டில் ஜெபகுமாருக்கு இருந்தது ஒரு வாடகை அறையும், சுற்றும்போது முனகுகிற ஒரு ஃபேனும். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டலில் போன் எடுக்கும் வேலை. "உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று நாள் முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களைக் கேட்பார். அதே கேள்வியை அவரிடம் கேட்க ஒருவரும் இல்லை.

கொஞ்ச நாளாக போன் அடித்தாலே நெஞ்சு படபடத்தது. உள்ளங்கை வேர்த்தது, உதடு மரத்தது, மூச்சு பாதியில் நின்றது. ஹார்ட் என்று பயந்து ஈசிஜி எடுத்தார், நன்றாக இருந்தது. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தார். வயிறு எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு டாக்டர்தான், "உடம்புல ஒண்ணுமில்ல, இது பதற்றம்" என்று இங்கே அனுப்பியிருந்தார். பொய் வெளிப்பட்டால் வெட்கத்தில் இந்தப் பக்கம் இனி தலைவைத்தும் படுக்கமாட்டோம் என்று ஜெபகுமாருக்குத் தெரியும். படபடப்போடு அந்த வாடகை அறைக்கே திரும்ப வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர் பின்சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த சவாரியையும் அடுத்த ஆட்டோவுக்குக் கைகாட்டி அனுப்பினார்.

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம் உள்ள வரமுடியுமா? என் மச்சான்னு சொல்லணும்."

"எங்க உள்ள?"

"மனநலப் பிரிவு."

சிரிப்பார் என்று ஜெபகுமார் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். "ஒரு டீ வாங்கிக் குடு, போதும். நட."

டாக்டர் அறை வாசலில் மட்டும் டிரைவர் தயங்கி நின்று, ஜெபகுமாரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் ஒரே ஈரம். தன் கைதான் இப்படி வேர்க்கிறது என்று ஜெபகுமார் கூசிப்போனார்.

"உங்க பேரு?" என்றார் டாக்டர்.

"ஜோயல்," என்றார் ஜெபகுமார்.

"அப்பாஸ்," என்றார் மச்சான்.

டாக்டரின் பேனா நின்றது.

"லவ் மேரேஜ் டாக்டர்," என்றார் ஜெபகுமார். "எங்க வீட்டுல இவர ஜோயல்னுதான் கூப்புடுவோம்."

"அவுங்க கூப்டுகினேதான் கீறாங்க. நான் திரும்புனதே இல்ல," என்றார் அப்பாஸ்.

"உங்க மனைவி எங்க இருக்காங்க?"

"மஸ்கட்ல," என்றார் ஜெபகுமார்.

"ஊரப்பாக்கத்துல," என்றார் அப்பாஸ். சொன்ன பிறகுதான் ஜெபகுமாரின் பதில் அவர் காதில் விழுந்தது. "ஊரப்பாக்கத்துலேந்து மஸ்கட்டு போச்சு மேடம். கோவிச்சுகினு."

"கோவிச்சுக்கிட்டு மஸ்கட்டுக்கா?"

"அதுக்குக் கோவம் ஜாஸ்தி."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நீங்களும் தனியாத்தான் இருக்கீங்க."

அப்பாஸ் பாட்டில் மூடியைத் திருகினார். "ஆமா மேடம்," என்றார் பிறகு.

"சரி. இவருக்கு என்ன பண்ணுதுன்னு நீங்க சொல்லுங்க."

ஜெபகுமார் கண்ணை மூடிக்கொண்டார். இந்த மனிதருக்கு ஜெபகுமாரின் பெயர்கூடத் தெரியாது. இதோடு குட்டு உடைந்தது.

"காலைல எழுந்தாலே நெஞ்சு அடிச்சுகினு கீது மேடம்," என்றார் அப்பாஸ். "யாராச்சும் ஹாரன் அடிச்சா கை நடுங்குது. இப்பவே செத்துடுவோம்னு தோணும். செத்தா எத்தினி நாள் கழிச்சு வூட்டுக் கதவ ஒடைப்பாங்கன்னு தோணும்."

"சாப்பாடு?"

"நின்னுகினே சாப்புடறது. உக்காந்தா எதுர்ல ஆள் இல்லன்னு தெரிஞ்சிடுது இல்ல."

ஜெபகுமார் கண்ணைத் திறந்தார். நின்றுகொண்டே சாப்பிடுவதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நடிப்பு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடும் பயிற்சியை டாக்டர் செய்து காட்டினார். ஜெபகுமார் ஏனோதானோவென்று செய்தார். அப்பாஸ் கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் செய்துகொண்டிருந்தார்.

"மாத்திரையும் எழுதறேன். ராத்திரி போட்டுக்கணும்."

"அதப் போட்டுகினு ஆட்டோ ஓட்டலாமா மேடம்?" என்று கேட்டார் அப்பாஸ்.

"இவர் ஆட்டோ ஓட்டுவாரா? ஓட்டல் வேலைன்னு சொன்னாரே."

"லீவு நாள்ல ஓட்டுவேன்," என்றார் ஜெபகுமார், வேறு வழியில்லாமல். அவருக்கு சைக்கிளே சரியாக வராது.

"கொஞ்ச நாளைக்கு ஆட்டோவத் தொடாதீங்க. மச்சான் சார், தினம் ஒரு வேளையாவது இவர்கூட உக்காந்து சாப்பிடுங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் வரணும்."

இதை எப்படிச் சமாளிப்பது என்று ஜெபகுமார் யோசிப்பதற்குள், "வந்துடறோம் மேடம்," என்றார் அப்பாஸ்.

டாக்டர் அறைக்கு வெளியே வந்ததும் ஜெபகுமாருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு லேசாகச் சிரிப்புகூட வந்தது.

"எப்படிண்ணே அப்படியே சொன்னீங்க? கூட இருந்து பாத்த மாதிரி?"

அப்பாஸ் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். மூடியை மாட்டிவிட்டு, டாக்டர் காட்டிய மாதிரியே மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டார்.

டீ குடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிய டோக்கன் கொடுக்கும் நர்ஸ் சரோஜா, அப்பாஸைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஜெபகுமாரிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க சார். செவ்வாக்கெழமையானா டோக்கன் வாங்குவாரு, பேரக் கூப்ட்டதும் எழுந்து வெளிய ஓடிடுவாரு, கூட வர ஆளில்லாம உள்ள போவ பயமா கீதுன்னு. எப்டியோ இன்னிக்கு உள்ள இட்டுகினு போய்ட்டீங்க. நீங்க அப்பாஸ் அண்ணனுக்கு இன்னா ஒறவு?"