ஓய்வுக்குப் பின் தேனீ உத்தியோகம்

அன்பு மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காளும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை, ஆகவே நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும், உங்கள் நாற்பது பெட்டித் தேனீக்களும் நலந்தானா? போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து, அறுபத்து நாலாவது வயதில் வேலை. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, காலை ஐந்தரைக்கு ஆஜராக வேண்டும். என்ன வேலை என்று கேட்பீர்கள். தேனீ வேலை. தேனீ வளர்க்கிற வேலை இல்லை மாப்பிள்ளை, அது நீங்கள் செய்வது. நான் தேனீயாகவே இருக்கிற வேலை.

சிரிக்காமல் மேலே படியுங்கள். கடைசியில் ஓர் உதவி கேட்கப் போகிறேன். அதை நீங்கள் செய்யாவிட்டால் உங்கள் அக்காள் இந்த வீட்டில் இருக்கப் போவதில்லை. பெட்டியைக் கட்டிக் கூடத்தில் வைத்துவிட்டாள். தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போகிறேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரை உங்களுக்குத் தெரியும். வங்கியில் மேலாளராக இருந்தவர். ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம், பத்தே காலுக்குத் தீர்மானம் என்று நடத்துவதால் அவருக்குத் 'தீர்மானம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு முதலில் கண்ணில் பட்டவை வாசல் தெருவின் இரண்டு பக்கமும் நின்ற மரங்கள். இலை விழுகிறது, காக்கை உட்கார்கிறது, உட்கார்ந்த காக்கை சும்மா இருப்பதில்லை, அது செய்வதெல்லாம் கார் மேலேயே விழுகிறது. காரை நகர்த்தி நிறுத்தலாம் என்று அறுபது வீட்டில் ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே! மரத்தை நகர்த்தத் தீர்மானம் போட்டார்கள். கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஊரே கை தூக்கும்போது நான் மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? இரண்டு நாளில் இருபத்திரண்டு மரம் போயிற்று. மூன்றாம் நாள் எல்லோரும் வெளியே வந்து, ஏன் இவ்வளவு வெயில் அடிக்கிறது என்று வானத்தைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்கு வீடு ஏசி வந்தது. பக்கத்து வீட்டு ஏசியின் அனல் எங்கள் சமையலறை ஜன்னலில் அடித்தது, நாங்களும் ஒன்று வாங்கினோம், எங்கள் அனல் இப்போது பின்வீட்டுக்காரர் படுக்கையறையில் அடிக்கிறது. அவர் போன வாரம் ஒன்று வாங்கியிருக்கிறார். ஒரே சூட்டை ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டுக்கொண்டு, எல்லோரும் உள்ளே போர்த்திக்கொண்டு தூங்குகிறோம்.

அடுத்தது குளம். பின்பக்கச் சுவரை ஒட்டி, ஒரு வீட்டுமனை அகலத்துக்கு ஒரு குளம் இருந்ததே, நீங்கள் வந்தபோது கால் நனைத்தீர்களே, அதுதான். அதில் தவளை கத்துகிறது என்று பல் டாக்டரம்மா புகார் கொடுத்தார். பகலெல்லாம் பல் துளைக்கிற கருவி காதருகே அலறுகிறது, அதெல்லாம் அவருக்குக் கேட்பதில்லை, தவளை மட்டும் கேட்கிறது. வெட்டிய மரத்தின் வேர்க்கட்டை, உடைத்த சுவர், பழைய கழிவறைப் பீங்கான் எல்லாவற்றையும் கொட்டிக் குளத்தை மூடி, மேலே வழவழவென்று ஓடு பதித்து, நடைப்பயிற்சி மேடை என்று பலகை வைத்தார்கள். முதல் மழை பெய்தது. பல காலமாக அங்கே வந்து படுத்த தண்ணீருக்கு விலாசம் மாறிய விஷயத்தை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அது தேடிப் பார்த்துவிட்டு வண்டி நிறுத்துகிற இடத்தில் வந்து படுத்தது. பதினேழு நாள் எழுந்திருக்கவில்லை. அதில் கொசு பிறந்தது. புழுவைத் தின்ன மீன் இல்லை, கொசுவைத் தின்ன தவளை இல்லை. டாக்டரம்மா இப்போது கொசுவலைக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

உடனே புகை இயந்திரம் வாங்கத் தீர்மானம். வாரத்துக்கு இரண்டு முறை, சாயங்காலம், காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் வெள்ளையாக அடிப்பார். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமுவோம். கொசுவும் வெளியே கொஞ்சம் இருமிவிட்டு, புகை அடங்கியதும் திரும்பி வந்துவிடும். வராதவை வேறு. வண்ணத்துப்பூச்சி வரவில்லை. சிலந்தி வரவில்லை. தேனீ வரவே இல்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதை நமக்குத் தெரியும். இங்கே வீடு எரிந்து முடிந்தது, மூட்டைப்பூச்சி சௌக்கியமாக இருக்கிறது.

மாப்பிள்ளை, இதில் அந்தச் செயலாளரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நான் முப்பத்தொரு வருடம் சாலைத் துறையில் வரைபடம் வரைந்தவன். ஏரிக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, சாலைக்குச் சிவப்பு. நீலத்தின் மேல் சிவப்புக் கோடு இழுக்க எனக்குப் பிடித்த நேரம் கால் நிமிடம். அந்தக் கோட்டின் அடியில் என்னவெல்லாம் இருந்தது என்று நான் போய்ப் பார்த்ததில்லை, பார்க்கச் சொல்லி மேலதிகாரி உத்தரவும் போட்டதில்லை. பூமி தட்டை இல்லை, உருண்டை என்று பாடுபட்டுக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த நாளிலிருந்து அதைத் தட்டையாக்கத்தான் பாடுபடுகிறார்கள். மேட்டைக் கண்டால் வெட்ட வேண்டும், பள்ளத்தைக் கண்டால் நிரப்ப வேண்டும், ஓடுகிற தண்ணீரைக் கண்டால் நிறுத்த வேண்டும், நிற்கிற தண்ணீரைக் கண்டால் ஓட்ட வேண்டும். வேறெந்தப் பிராணிக்கும் இந்த வியாதி கிடையாது. எருமை கூடத் தான் படுக்கிற குட்டையைத்தான் கலக்கும், அடுத்த ஊர்க் குட்டைக்குத் திட்டம் போடாது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, நகராட்சியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'இயற்கையோடு இணைந்த குடியிருப்பு' என்று ஒரு பரிசாம். செயலாளருக்குக் கை துறுதுறுத்துவிட்டது. பசுமைக்கு இருபது மதிப்பெண் என்றதும் பிளாஸ்டிக் புல் விரித்தார். மத்தியானம் அதில் கால் வைத்தால் கொப்புளம் போடுகிறது. தோட்டக்காரர் அதைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். அவருக்குத் தோட்ட வேலை தெரியும் என்பதால் பிரஷ்ஷைப் பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது என்றார். பறவைகளுக்குப் பத்து மதிப்பெண். பறவை இல்லை, ஆகையால் விளக்குக் கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டிக் காலையில் குயில் சத்தம் போடுகிறார்கள். முதல் நாள் எங்கிருந்தோ ஒரு நிஜக் குயில் வந்து பதில் கூவியது. அரை மணி நேரம் ஒலிபெருக்கியோடு பேசிப் பார்த்தது. பேச்சு ஒரே மாதிரி இருக்கிறது என்று அதற்கே தெரிந்துவிட்டது, போய்விட்டது.

பிறகு வீட்டுக் காய்கறிக்கு முப்பது மதிப்பெண். அங்கேதான் நான் மாட்டினேன். உங்கள் அக்காள் பின்பக்கம் வைத்திருக்கிற பூசணிக்கொடிதான் மொத்தக் குடியிருப்பிலும் மண்ணில் இருக்கிற ஒரே உயிர். நீங்கள் கொடுத்த விதை. அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் என்னோடு பேசுகிற குரலையும் அதனோடு பேசுகிற குரலையும் ஒப்பிட்டால் எனக்கு வருத்தம் வரும். கொடி சுவரேறிப் படர்ந்தது, பூவாகப் பூத்தது, காய் மட்டும் இல்லை. பிஞ்சு இரண்டு நாள் நிற்கும், மஞ்சளாகும், உதிரும். உதிர்ந்ததையெல்லாம் அவள் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். தோட்டக்காரர்தான் பார்த்துவிட்டுச் சொன்னார், "பூவுல குறை இல்லைம்மா. மகரந்தத்தைக் கொண்டு வந்து சேர்க்க ஆள் இல்லை." இது செயலாளர் காதில் விழுந்தது. ஆள் இல்லை என்றால் ஆள் போட வேண்டியதுதானே என்று தீர்மானம் போட்டார். வரைபடம் வரைந்தவரிடம் மெல்லிய பிரஷ் இருக்கும், கை நடுங்காது என்று சொல்லி என் பெயரை எழுதினார். நடவடிக்கைக் குறிப்பில் 'தேனீப் பொறுப்பு' என்றே இருக்கிறது.

உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வாரம் செய்தித்தாள் படித்துவிட்டுப் பத்து மணிக்குப் போனேன். அதற்குள் பூ மூடிக்கொண்டுவிட்டது. நகத்தால் பிரித்துப் பார்த்தேன், கிழிந்தது. தேனீ ஏன் செய்தித்தாள் படிப்பதில்லை என்று அன்று புரிந்தது. அப்புறம் ஐந்தரைக்கே போய், பனியில் குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பூப் பூவாகப் பிரஷ்ஷைத் தேய்த்தேன். இப்படி ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் தோட்டக்காரர் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நான் தொட்டதெல்லாம் ஆண் பூவாம். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி உருண்டையாக இருக்குமாம். உங்கள் தேனீக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் மாப்பிள்ளை? எள்ளளவு தலை, நான் பட்டதாரி. கடைசியில் சரியான பூவைத் தொட்டு ஒரே ஒரு காய் பிடித்தது. அதுவும் ஒரு பக்கம் வீங்கி மறு பக்கம் சூம்பி, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி இருந்தது. மகரந்தம் ஒரு பக்கந்தான் சரியாக விழுந்ததாம். உங்கள் அக்காள் அதைத் தடவிக் கொடுத்து, "இதுவாவது நிக்கட்டும்" என்றாள். நிற்கவில்லை.

நடுவர்கள் வருகிற நாள் வந்தது. காய் இல்லை. செயலாளர் காலையில் சந்தைக்குப் போய் ஐந்து பூசணிக்காய் வாங்கி வந்தார். அதைக் கொடியில் தொங்கவிட வேண்டும். கம்பியை முறுக்கிக் கட்டத் தெரிந்தவர் யார் என்று பார்த்தார்கள். வேறு யார், தேனீதான். கட்டினேன். நன்றாகவே கட்டினேன், ஒரு காயும் ஆடவில்லை. நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள், குயில் சத்தத்தை ரசித்தார்கள், பிளாஸ்டிக் புல்லில் செருப்போடு நடந்து எவ்வளவு பசுமை என்றார்கள், பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு காயின் அடியில் கடைக்காரர் சாக்பீஸால் எழுதிய எடை அப்படியே இருந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிறகு வீட்டம்மா நடுவில் நிற்கட்டும், போட்டோ எடுக்கலாம் என்று உங்கள் அக்காளைக் கூப்பிட்டார்கள். அவள் வந்தாள், காயைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போட்டோவில் அவள் முகம் விழவில்லை, திரும்பிவிட்டாள். குடியிருப்புக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்தக் கேடயம் செயலாளர் அறையில் இருக்கிறது.

அன்று மாலை அவள் பெட்டி கட்டினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பழக்கம், சமாளித்திருப்பேன். புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"பூ உதிர்ந்தப்ப அழலை. நீங்க பிரஷ்ஷோட குந்தினப்ப பாவமா இருந்துச்சு. ஆனா பிள்ளையைப் பறிகொடுத்தவ இடுப்புல கடையில வாங்கின பொம்மையைக் கட்டின மாதிரி கட்டினீங்களே, உங்களுக்கு எப்படிங்க கை வந்துச்சு? நான் தம்பி வீட்டுக்குப் போறேன். அங்க ஏதாவது காய்க்கும்."

கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதத் தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் ஒரு தேனீ, ஒரே ஒரு நிஜத் தேனீ, அந்தக் கொடிக்கு வந்தால் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆகையால்தான் இந்தக் கடிதம். உங்கள் நாற்பது பெட்டியில் ஒரு பெட்டி, சாதுவானதாகப் பார்த்து, பேருந்தில் போட்டு அனுப்ப வேண்டும். புகையை நினைத்துப் பயப்படாதீர்கள். புகை இயந்திரத்தின் மூக்கைக் கழற்றி என் அலமாரியில், பழைய வரைபடங்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பத்து நாளாக அது வெறுமனே உறுமுகிறது. செயலாளர் மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பேனா எடுத்து வந்தவன் இல்லை நான், இந்த வயதில் திருடனாகியிருக்கிறேன். எனக்கு அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்கத் தெரியாது. இதை அவளிடம் சொல்ல வரவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், படித்துவிட்டு எந்தச் சங்கத்துக்கும் செயலாளராகாமல் இருக்கட்டும். உங்கள் கிணறு வற்றாமல், உங்கள் மலையில் எவனும் சிவப்புக் கோடு இழுக்காமல், நாற்பது பெட்டியும் நானூறாகப் பெருக வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
தேனீப் பொறுப்பு.

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது காதருகே ஏதோ ஒன்று சுற்றியது. கொசுவுக்காக எப்போதும் கையெட்டும் தூரத்தில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டி வைத்திருப்பேன். நான் யோசிக்கவில்லை மாப்பிள்ளை, கை தானாகப் போயிற்று, ஒரே அடி. மேசையில் விழுந்ததைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பின்னங்கால் இரண்டிலும் மஞ்சளாக மகரந்தம் ஒட்டியிருந்தது. நிமிர்ந்தால் உங்கள் அக்காள் வாசற்படியில் நிற்கிறாள். கொடிப் பக்கமிருந்து அதன் பின்னாலேயே வந்திருக்கிறாள், எனக்குக் காட்ட.

பெட்டி அனுப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை வண்டியில் அவள் வருகிறாள், நிறுத்தத்துக்கு யாரையாவது அனுப்பவும். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வரலாம். அங்க நாற்பது பெட்டி இருக்கு. கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பீங்களா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.