கன்னம் அங்கிளும் என் கருவாட்டுக் கராஜும்

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்துத் தமிழர் வீடுகளில் கன்னம் அங்கிளின் கன்னம் படாத சுவரே கிடையாது. ரிட்டயர்ட் சிவில் இன்ஜினியர். கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியுமாம். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால், ஹோமம் நடக்கும்போதே சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்துப் புதியவர்கள் காபி கொடுத்துத் தேற்றுவார்கள். கண்ணைத் திறந்து, "நார்த் சைடுல இன்சுலேஷனே இல்ல. நல்லா ஏமாந்துட்டீங்க" என்பார்.

என் வீட்டுக்குள் கருவாடு சமைக்கத் தடை. அதனால் கராஜில் ஓர் இண்டக்ஷன் அடுப்பு. கராஜ் கார் நிறுத்துவதற்கு என்று அமெரிக்கர்கள் நம்புகிறார்கள். என் கார் வெளியே பனியில் நின்றது. அரிசி மூட்டையும் நானும் உள்ளே இருந்தோம். ஜனவரியில் சுவர் வேர்த்து, மூலையில் பூஞ்சை பூத்தது.

"இந்தச் சுவர் காயலேன்னா அடுப்பைத் தூக்கிடுவேன்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கே ஆபத்து. இரண்டு வீடியோ பார்த்த தகுதியில், சுவர்ச் சட்டங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தாளை வைத்து, ஃபைபர்கிளாஸ் பஞ்சை அடைத்து, மேலே பலகை அறைந்தேன். அரைக்கைச் சட்டையில் செய்ததால் பஞ்சின் கண்ணாடித் தூள் குத்தி மூன்று நாள் மீட்டிங்கில் சொறிந்தேன். கேமராவை ஆஃப் பண்ணச் சொன்னார் மானேஜர். பலகைக்கு அடியில் தண்ணீர் கசிந்தது.

கன்னம் அங்கிள் வந்தார், ஒட்டினார்.

"பிளாஸ்டிக்கை எந்தப் பக்கம் போட்ட?"

"பஞ்சுக்குப் பின்னாடி அங்கிள். வெளிக்குளிர் வராம இருக்க."

"என்ன வேலை பாக்குற?"

"செக்யூரிட்டி ஆர்க்கிடெக்ட்."

"கம்பெனி பாவம். குழம்பு ஆவி பஞ்சுக்குள்ள பூந்து, சில்லுன்னு இருக்கற அந்த பிளாஸ்டிக்ல பட்டுத் தண்ணியாகுது. தாள் சூடு இருக்கற பக்கம் வரணும்ப்பா. பிரி எல்லாத்தையும்."

மூன்று ஞாயிறு நான் பிரித்துப் பூட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து திட்டினார். ஆவி போக எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க வைத்தார். மதியம் குழம்பை வழித்துச் சாப்பிட்டபடி, "ஆன்ட்டி போனதுலேர்ந்து மைக்ரோவேவ்தான்" என்றார், வேறெங்கோ பார்த்து.

நான்காம் ஞாயிறு கன்னத்தை எடுத்தவர், "காஞ்சிடுச்சு. இனி எனக்கு இங்க வேலையில்ல" என்று கிளம்பினார். மனைவி அடுப்பை மன்னித்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. குழம்பு கொதிக்கும்போது நானே சுவரில் கன்னத்தை வைத்தேன். அப்பளமாகக் காய்ந்திருந்தது. போன் போட்டேன்.

"அங்கிள், மறுபடி வேர்க்குது."

மறுமுனையில் மைக்ரோவேவை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நீ பூட்டின சுவராச்சே, வேர்க்கத்தான் செய்யும். வரேன். அரிசி ஒரு டம்ளர் சேத்துப் போடு."

ஏற்கெனவே போட்டிருந்தேன்.