வௌவாலரின் மேசைக் குகை

மனிதரின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அதற்குள் மலைக்குகையைக் கண்ட பல் டொக்டர் கொழும்பிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வௌவாலர். வாரநாள்களில் வெள்ளவத்தையில் பல் பிடுங்குவார். விடுமுறை கிடைத்தால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பலாங்கொடைப் பக்கத்துக் குகைகளுக்குள் ஊர்ந்து போவார். என் கடைவாய்ப்பல்லைப் பார்த்து, "அருமையான குழி ஐயா, அடைக்க மனம் வரேல்லை" என்று மெய்மறந்து நின்றவர். எங்கள் மாடிக்குடியிருப்பு வைத்த பெயரை அவர் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி, எல்லோருக்கும் மனோ அக்கா, இருட்டுக்குப் பயந்தவர். முப்பது வருடமாகக் குகை வாசல்களில் தேநீர் பிளாஸ்க்குடன் காத்திருந்தார். கடைசித் தடவை வௌவாலர் சொன்ன நேரத்துக்கு வெளியே வரவில்லை. உள்ளே விழுந்து கிடந்தவரை ஊர்க்காரர் இறங்கித் தூக்கி வந்தார்கள். களுபோவில ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குத் தகடு வைத்தார்கள். அக்கா அவருடைய விளக்கை யாருக்கோ கொடுத்துவிட்டார். குகை என்ற சொல்லே இனி வீட்டில் கேட்கக் கூடாது என்றார். அதன்பின் அவருடன் அதிகம் கதைக்கவுமில்லை.

வௌவாலர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, குகையையே செய்தார். பல் அச்செடுக்கும் பிளாஸ்டரைக் குழைத்துச் சாப்பாட்டு மேசை முழுவதும் ஒரு குகையை எழுப்பினார். நடுவில் நீலக் குளம். ஆட்டக் காய்கள் பிளாஸ்டர்ப் பற்கள். எனக்குக் கிடைத்த கடைவாய்ப்பல் இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும். ஞாயிறு பின்னேரங்களில் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரு டோச் லைட்டை மட்டும் எரிப்பார். கடற்கரை ரயில் போகும்போது மேசை மெல்ல அதிரும், சுவரில் நிழல்கள் நீந்தும், நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும்.

விதிகளை எழுத என்னை அழைத்தார். அரசாங்க உத்தியோகத்தில் தாபன விதிக்கோவையைத் தலைகீழாக ஒப்பித்தவனுக்கு ஓய்வுக்குப் பின் கிடைத்த முதல் மரியாதை. தாயக்கட்டை உருட்டி உள்ளே போய், குளத்தைத் தொட்டு, வெளியே வர வேண்டும். சிக்கல் ஒன்றுதான். ஒருவர் தாயக்கட்டை இல்லாமல் குகை வாசலில் காத்திருக்க வேண்டும் என்றார் வௌவாலர்.

கீழ்மாடியில் துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் அண்ணர், எங்கள் எல்லோருக்கும் நானா, அந்தப் பதவியை ஏற்று உடனே நித்திரையானார். வௌவாலர் ஆட்டத்தை நிறுத்தினார். வெளியில் ஆள் இல்லாமல் உள்ளே போவதில்லையாம். அடுத்த ஞாயிறும் அதே கதை.

"இதுல வெல்லுற யாரு டொக்டர்?" என்றார் விழித்தெழுந்த நானா.

"எல்லாரும் வெளிய வந்தா எல்லாருக்கும் வெற்றி."

"ஒருத்தன் வராட்டி?"

"ஒருத்தருக்கும் இல்லை."

இந்தக் கணக்கில் கடை நடத்தினால் ஒரு வாரத்தில் மூடவேண்டியதுதான் என்று நானா முணுமுணுத்தார். நான் முறைப்படி பரிந்துரைத்தேன்: "வாசல் பதவியை ஒழிச்சு விடுவம். அந்த ஆள் சும்மாதானே இருக்குது."

குசினியில் கத்திச் சத்தம் நின்றது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆர் சும்மா இருக்கிறது?"

நான் விதி எழுதும் கொப்பியை மூடினேன். அக்கா முதல் தடவையாக அந்தக் குகைக்குள் குனிந்து பார்த்தார்.

"இதில எது நீங்கள் விழுந்த இடம்?"

வாசலுக்கு அருகே ஒரு வளைவை வௌவாலர் விரலால் தொட்டார்.

"இவ்வளவு கிட்டவோ?"

"ஓம். நீர் கூப்பிட்டது கேட்டுக்கொண்டே இருந்தது. என்ர குரல்தான் வெளிய வரேல்லை."

அக்கா கதிரையை இழுத்து உட்கார்ந்து, வாசலில் நிற்கும் பல்லை நானாவிடமிருந்து வாங்கினார்.

"ஐயா, இதையும் எழுதுங்கோ. நான் கூப்பிட்டா உள்ள இருக்கிற ஆக்கள் பதில் சொல்ல வேணும்."

மேலதிகாரியின் அனுமதி கேட்காமல் நான் எழுதிய ஒரே விதி அது.

இப்போது ஞாயிறு தோறும் ஆட்டம் நடக்கிறது. போன கிழமை வௌவாலருக்கு ஆறு விழுந்தது. வெளியே வர இரண்டு போதும். அவர் தன் பல்லுக் காயை அசைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"இஞ்சாருங்கோ," என்றார் அக்கா.

"ஓம், இருக்கிறன்."

விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்தாதது தெளிவான விதிமீறல். சுட்டிக்காட்ட வேண்டியவன் நான். என் கடைவாய்ப்பல்லுக்கும் வெளியே வர வழி இருந்தது. அக்கா இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று அதை உள்ளேயே விட்டுவைத்தேன்.