கொத்தில்லா, 1900 மாடல்

டிராக்டரை ஓட்டுவது டீசல் என்று படித்தவர்கள்கூட நம்பி வருகிறார்கள். இது பிழை. டீசல் சக்கரத்தைச் சுழற்றும். அதற்கு மேல் அதற்கு அதிகாரம் கிடையாது. வண்டி கொட்டகையை விட்டுத் தார்ரோட்டில் ஏற வேண்டுமானால் ஆர்.சி. புத்தகத்தில் 'தயாரிப்பு' என்ற கட்டம் நிரம்பியிருக்க வேண்டும். அந்தக் கட்டம் நிரம்பியபின், டீசலே இல்லாமல் வெகுதூரம் போன டிராக்டர்கள் உண்டு. பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் குணசேகரின் டிராக்டர் அப்படிப்பட்டது.

குணசேகர் வேலை பார்த்த பம்ப் ஃபேக்டரி 1998-இல் மூடப்பட்டது. அதே வருஷம் அவருடைய தாய்மாமன் கோவிந்தப்பா காலமானார். பிள்ளையில்லாத மனிதர். கொட்டகையில் நின்ற பழைய டிராக்டரை மருமகனுக்கு விட்டுப் போயிருந்தார். அதற்கு இரண்டு நிறம். பல தலைமுறைக் கோழிகள் அடைகாத்த சீட். எந்தக் கம்பெனி என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் மிச்சம்.

பொம்மனஹள்ளியில் 'சில்வர் லேக் ரெசிடென்சி' என்று ஓர் அடுக்குமாடி எழும்பியிருந்தது. ஏரியைத் தூர்த்துக் கட்டியவர்கள் நன்றி மறவாமல் அதன் பெயரை வைத்திருந்தார்கள். தண்ணீர்தான் இல்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சீனிவாசராகவன், ஓய்வுபெற்ற அதிகாரி, குணசேகருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: கோடைக்குள் டிராக்டர் ஓடி, பேப்பரும் சரியாக இருந்தால், தண்ணீர் டேங்கர் இழுக்கும் கான்ட்ராக்ட் அவருக்கே. அதுவரை குடும்பம் மனைவி பிரிசில்லாவின் கார்மென்ட்ஸ் சம்பளத்தில் நகர்ந்தது.

வண்டியைப் பிரிக்க வந்தவர் ஆம்ப்ரோஸ். கோலார் தங்கவயல்காரர், 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாத மெக்கானிக்.

"இது போலந்து வண்டிபா," என்றார் முதல் நாள். மறுநாள், "ரஷ்யா. சந்தேகமே இல்ல," என்றார்.

"நேத்து போலந்துன்னியே?" என்றார் குணசேகர்.

"நேத்து பானெட்டப் பாத்தேன். இன்னிக்கிதான கியர் பாக்ஸப் பாத்தேன்?"

"அப்ப இஞ்ஜினு?"

"அதப் பாத்தா இன்னொரு நாடு சொல்லணும். வுட்ரு."

டீ கொண்டுவந்த பிரிசில்லாவுக்குப் பொறுக்கவில்லை. "அது எந்த நாட்டுல பொறந்தா இன்னாண்ணே? தண்ணி இழுக்குமா, இழுக்காதா?"

"இழுக்கும்மா. லாரி ரேடியேட்டர் போட்டிருக்கேன். ஜெனரேட்டர் பம்ப் போட்டிருக்கேன். இனிமே உள்ள போட எடமில்ல, ஓடித்தான் ஆவணும்."

ஓடியது. சந்தாபுரா சந்தையில் கொத்தமல்லி விற்றவர்கள் எழுந்து நின்று பார்க்கும்படி ஓடியது.

பேப்பர் மட்டும் பாக்கி. ஆர்.டி.ஓ. ஆபீசில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குக் குங்குமம் வைத்து, தனி அறையும் ஏ.சி.யும் கொடுத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் சந்நிதிக்குப் போக வேண்டும். வெயில் காலத்தில் அதிகாரிகளுக்கு அங்கே அடிக்கடி வேலை இருந்தது.

பேச்சு கன்னடத்தில் நடந்தது. வாசகர் வசதிக்காக, ஒரு சொல்லைத் தவிர, தமிழில் தரப்படுகிறது.

"எந்தக் கம்பெனி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கொத்தில்லா சார்," என்றார் குணசேகர். கன்னடத்தில் 'தெரியாது' என்று பொருள். பெங்களூரில் வந்து இறங்குபவர்கள் முதலில் கற்பது இந்தச் சொல்லைத்தான். அத்தோடு படிப்பை முடித்துக்கொள்பவர்களும் அதிகம்.

"எந்த வருஷம்?"

"அதுவும் கொத்தில்லா."

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வீணா திரும்பினாள். "சார், கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கம் போகாது."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் குறை சொல்லும். தாமாக ஒன்றை நிரப்பினால் ஆடிட் குறை சொல்லும். "பார்ட்டி என்ன சொன்னாரோ, அதையே போடும்மா. பொறுப்பு அவரோடது."

வீணா ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் 'GOTHILLA' என்று அடித்தாள். வருஷக் கட்டம் எழுத்துகளை ஏற்கவில்லை. எண் வராததால், கம்ப்யூட்டர் தன் அறிவுக்கு எட்டிய மிகப் பழைய வருஷத்தைத் தானே போட்டுக்கொண்டது: 1900.

ஆர்.சி. கைக்கு வந்ததும் குணசேகர் பதறிக்கொண்டு திரும்பவும் போனார். "சார், கம்பெனி பேரு தப்பா வந்திருக்கு."

"அப்ப சரியான பேர் எது?"

"கொத்தில்லா சார்."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "அதானே போட்டிருக்கு?"

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடித்தவர் இன்றுவரை இல்லை.

சீனிவாசராகவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆர்.சி.யைப் படித்தார். முப்பது வருஷப் பெங்களூர்வாசி. கீரைக்காரியிடம் தினமும் "கன்னட கொத்தில்லா" என்று சொல்பவர். ஆனால் அது வாயில் வரும் சொல். ஆங்கிலப் பெரிய எழுத்தில், அரசாங்க முத்திரையின் கீழ், அவர் அதைச் சந்தித்ததில்லை.

"கோதீயா!" என்றார் மெல்ல. "இத்தாலியன்!"

"கொத்தில்லா சார்."

"நீ அப்படிப் படிக்கறே. ரெண்டு 'எல்' சேர்ந்து வந்தா 'ய'ன்னு உச்சரிக்கணும்." அது ஸ்பானிஷ் வழக்கம். அவர் பெருந்தன்மையோடு அதை இத்தாலிக்கும் வழங்கினார். "இன்னிக்கு ரேஸ் கார் பண்றவாகூட அங்க ஆதியில டிராக்டர்தான் பண்ணிண்டிருந்தா, தெரியுமோ? அதுவும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மாடல்!"

"சார், அது கம்பெனி பேரே இல்ல. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன், அவங்க என்னடான்னா..."

"உனக்குத் தெரியாதுங்கறது பார்த்தாலே தெரியறதே. அதனாலதான் நான் சொல்றேன்."

குணசேகர் தம் விஷயத்துக்கு வந்தார். "டேங்கர் எப்ப சார் மாட்டலாம்?"

செயலாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இதுல போய்த் தண்ணி இழுப்பாளா? கோயில் யானைய மூட்டை தூக்கச் சொல்வியோ?"

அப்போது நகரத்தில் பழமைக்கு மவுசு. மாட்டுவண்டிச் சக்கரம் டீப்பாயாகவும், அண்டா குடைத்தாங்கியாகவும் பதவி உயர்வு பெற்றிருந்த காலம். சங்கம் அவசரமாகக் கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது: மேற்படி பாரம்பரிய வாகனம் முகப்பில் சலவைக்கல் மேடையில் நிறுத்தப்படும். அதன் தொன்மையை முன்னிட்டு எக்காரணம் கொண்டும் இயக்கப்பட மாட்டாது. உரிமையாளர் குணசேகர் மாதச் சம்பளத்திலும் வெள்ளைச் சீருடையிலும் 'பாரம்பரிய வாகனக் காப்பாளர்' ஆக நியமிக்கப்படுகிறார்.

ஆம்ப்ரோஸ் கொதித்துப் போனார். "நிறுத்தி வெக்கறதுக்கு நான் எதுக்குபா அத ஓட வெச்சேன்?"

பிரிசில்லா நிதானமாக விசாரித்தாள். "சம்பளம் ஒழுங்கா குடுப்பாங்களா?"

"குடுப்பாங்களாம்."

"வேல இன்னா?"

"யாராச்சும் இது என்ன வண்டின்னு கேட்டா சொல்லணும்."

"உனக்குத் தெரியுமா?"

"கொத்தில்லா."

"அப்ப பொய் சொல்ற வேல இல்ல. போய்ட்டு வா."

வண்டி மேடையேறியது. நெற்றியில் பித்தளைத் தகடு: 'கோதீயா, இத்தாலி, 1900.' அதைப் பார்த்து ஃபிளாட் வாங்கியவர்களும் உண்டு. ஆம்ப்ரோஸின் கோபம் சீக்கிரமே ஆறியது. பட்டறை வாசலில் 'கோதீயா ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு வந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "இது எந்தக் கம்பெனிப்பா?" என்று மகள் கேட்டாள். அவர் குனிந்து தகட்டை எழுத்துக்கூட்டிப் படித்து, "கோதீயா," என்றார். தம் அலுவலகத்தில் பதிவான வண்டி என்று குணசேகரிடம் பெருமையோடு சொல்லவும் செய்தார்.

கோடை வந்தது. சில்வர் லேக்கின் போர்வெல் வற்றியது. குழாய்களில் காற்று வந்தது. பாரம்பரிய வாகனத்தின் மேல் தூசி படியக் கூடாது என்பது சங்கத்தின் தீர்மானங்களில் இன்னொன்று.

அதைக் கழுவுவதற்கான தண்ணீர், சந்தாபுராவிலிருந்து வேறொருவரின் டிராக்டரில் வந்தது.